ராஜா உட்கார, யார் தூக்க?

எகிப்தின் துட்டன்காமுன் இருபது வயதைத் தொடாமலே போய்ச் சேர்ந்தவன். ஆண்டது கொஞ்சம், சேர்த்தது ஏராளம். 1922-இல் ஹோவர்ட் கார்ட்டர் அவன் கல்லறையைக் கண்டுபிடித்தார். உள்ளே அடைந்து கிடந்த 5,000-க்கும் மேற்பட்ட சாமான்களை எண்ணி, எழுதி, வெளியே கொண்டுவரப் பத்து வருஷம் ஆயிற்று. தங்க முகமூடியைப் பற்றி உலகமே பேசியாகிவிட்டது. அதே குவியலில் மடக்கு ஸ்டூல்களும் கிடந்தன. மூன்றாக மடியும் கட்டில் ஒன்றும் கிடந்தது. செத்த பிறகும் பையன் கேம்பிங் போகிற உத்தேசத்தில்தான் இருந்திருக்கிறான்.

ஸ்டூல் என்றால் டீக்கடை ஸ்டூல் இல்லை. கருங்காலி மரம், தந்த இழைப்பு, கால் முடிகிற இடத்தில் வாத்துத் தலைகள். அவற்றில் ஒன்றுக்கு ஒரு விசேஷம் உண்டு: அது மடங்கவே மடங்காது. கால்கள் பெருக்கல் குறியாகக் குறுக்கே போகின்றன. மேலே புள்ளித்தோலை விரித்த மாதிரி தந்தம் பதித்த மரப்பலகை. பார்வைக்கு மடக்கு ஸ்டூல், மடக்கப் பார்த்தால் விறகு. மடக்கு ஸ்டூல் வைத்திருப்பது கெத்து. அதை மடக்க வேண்டிய நிலைமையோ கெத்துக்குக் குறைச்சல். அரண்மனைத் தச்சனுக்கு இந்த நுணுக்கம் அத்துப்படி.

ஏறக்குறைய அதே காலம், கி.மு. 1389-ஐ ஒட்டி, டென்மார்க்கில் ஒரு பெரிய மனுஷன் காலமானார். அவரை ஓக் மரப்பெட்டியில் கிடத்திப் பக்கத்தில் ஒரு மடக்கு நாற்காலியையும் வைத்துப் புதைத்தார்கள். ஆஷ் மரச் சட்டம், நீர்நாய்த் தோல் இருக்கை. 1891-இல் குல்ட்ஹோய் மேட்டைத் தோண்டியபோது கிடைத்தது. மேலுலகத்தில் நாற்காலி வாடகைக்குக் கிடைக்குமோ கிடைக்காதோ என்ற முன்ஜாக்கிரதை.

இரண்டிலும் கணக்கு ஒன்றுதான். இரண்டு சட்டங்கள் நடுவில் ஆணியில் குறுக்கிடும். மேலே ஒரு தோலோ துணியோ. நீங்கள் உட்கார்ந்ததும் கால்கள் விரிந்து ஓடப் பார்க்கும். ஓடாமல் இழுத்துப் பிடிப்பது அந்தத் துணி. ஆக, உங்களைத் தாங்குவதில் மரத்துக்கு எத்தனை பங்கோ அத்தனை பங்கு தையலுக்கும் உண்டு. மூவாயிரத்துச் சொச்சம் வருஷங்களாக மனித குலம் இதில் பெரிதாக எதையும் மாற்றிவிடவில்லை. மாறியது ஒன்றே ஒன்று: தூக்குகிற ஆள்.

மடக்கு நாற்காலியின் சரித்திரத்தில் உட்கார்ந்தவர்கள் பெயரெல்லாம் பத்திரமாக இருக்கிறது. அதைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னாலேயே நடந்தவன் பெயரை எழுதி வைக்க யாருக்கும் தோன்றவில்லை. இன்றைக்கு மலைக்கும் பீச்சுக்கும் கச்சேரிக்கும் நாற்காலி வாங்கக் கிளம்புகிற நமக்கு அந்தப் பெயர் தெரியும். நம் ஆதார் அட்டையிலேயே இருக்கிறது.

முகாம்

சீனாவில் கி.பி. இரண்டாம் நூற்றாண்டு வரை மரியாதைப்பட்டவர்கள் பாயில்தான் உட்கார்ந்தார்கள். வடக்கே நாடோடிகள் குதிரையில் வைத்துக்கொண்டு அலைந்த மடக்கு ஸ்டூல் ஹான் வம்சத்துப் பேரரசர் லிங் கண்ணில் பட்டது. அந்நியச் சரக்கு என்றால் மனுஷனுக்கு உயிர். ராஜா உட்கார்ந்துவிட்டால் அப்புறம் கேட்பானேன்? தலைநகரத்துப் பெரிய வீட்டுக்காரர்கள் எல்லாரும் மண்டியிடுவதை விட்டுக் காலைத் தொங்கப்போட்டார்கள்.

211-இல் தளபதி சாவ் சாவ் மஞ்சள் நதியைக் கடக்கிறார். படை முக்கால்வாசி அக்கரை சேர்ந்தாயிற்று. இவர் இக்கரையில் கொஞ்சம் ஆட்களோடு பின்தங்கியிருக்கிறார். அந்த நேரம் பார்த்து எதிரி மா சாவ் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட ஆட்களோடு வந்து இறங்கினான். அம்பு மழை. சாவ் சாவ் மடக்கு ஸ்டூலைவிட்டு எழுந்திருக்கவில்லை. வீரமா, அலட்சியமா, கால் மரத்துப்போயிற்றா என்பதில் அவரவர் அபிப்பிராயம் அவரவருக்கு. கடைசியில் கூட இருந்தவர்கள் அவரை அள்ளிப் படகில் போட்டார்கள். மெய்க்காப்பாளன் சூ சூ ஒரு கையால் குதிரைச் சேணத்தைக் கேடயமாகப் பிடித்து, மறு கையால் படகைத் தள்ளி, தலைவரை அக்கரை சேர்த்தான். ஸ்டூலை யார் மடக்கி எடுத்தார்கள் என்பதைச் சரித்திரக்காரர்கள் விட்டுவிட்டார்கள்.

எழுந்திருக்காத பரம்பரை ரோமிலும் உண்டு. கி.மு. 390-இல் கால் இனத்தார் ரோமுக்குள் புகுந்தபோது இளவட்டங்கள் கோட்டைக் குன்றில் ஏறிக்கொண்டார்கள். பதவி வகித்து ஓய்ந்த கிழவர்கள் அத்தனை பேரும் சடங்கு உடையை உடுத்தி, அவரவர் வீட்டில் தந்த நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். உள்ளே வந்தவர்கள் முதலில் சிலையென்று நினைத்தார்களாம். ஒருவன் சந்தேகத்தில் பபீரியஸ் என்பவரின் தாடியைத் தடவிப் பார்த்தான். கிழவர் கைத்தடியால் அவன் மண்டையில் ஒன்று போட்டார். அப்புறம் நடந்தது படுகொலை. ரோமச் சரித்திரக்காரர் லிவி இதைப் புல்லரிப்போடு எழுதுகிறார். இத்தனைக்கும் அது மடக்கு நாற்காலி. மடக்கிக்கொண்டு ஓடலாம் என்பதுதான் அதன் பிறவிப் பயனே.

ஓடாமல், நடக்காமல், இருந்த இடத்திலிருந்தே முகாம் போட்டவர்கள் நம்மூரை ஆண்ட வெள்ளைக்காரர்கள். 1837-இல் கவர்னர் ஜெனரல் ஆக்லண்ட் பிரபு கல்கத்தாவிலிருந்து வடக்கே சுற்றுப்பயணம் புறப்பட்டார். கூட வந்த தங்கை எமிலி ஈடன் கணக்கு எழுதி வைத்திருக்கிறார்: 12,000 ஆட்கள், 850 ஒட்டகங்கள், 140 யானைகள். மேஜை, கட்டில், நாற்காலி சகலமும் கழற்றி மாட்டுகிற ரகம். அவர்கள் கான்பூரைத் தாண்டியபோது சுற்றிலும் பஞ்சம், ஜனங்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். ஊர்வலம் நிற்காமல் போனது. இந்தத் தோரணையில் போகிறவர் நாற்காலியின் எடை என்ன என்று ஏன் கேட்கப் போகிறார்? ஒட்டகம் கேட்டிருக்கலாம்.

அந்த நூற்றாண்டு முடிவதற்குள் யாரோ ஒட்டகத்தின் கட்சிக்கு மாறிவிட்டார்கள். ராணுவ எஞ்சினியர்கள் குடியிருந்த ரூர்க்கியின் பெயரிலேயே ஒரு நாற்காலி வந்தது. நாலு கால், நாலு குறுக்குக் கட்டை, இரண்டு துண்டு கான்வாஸ், சில வார்கள். திருகாணி கிடையாது, பசை கிடையாது. கட்டையைக் காலில் உள்ள துளையில் செருகினால் சரி. ஆள் உட்கார உட்கார மூட்டு இறுகும். தரை மேடுபள்ளமாக இருந்தால் ஒவ்வொரு காலும் தன் பள்ளத்தைத் தானே தேடி உட்காரும். கழற்றினால் ஒரு சின்ன மூட்டை. தென்னாப்பிரிக்காவில் போயர் போருக்குப் போன அதிகாரிகள் இதைத்தான் கட்டிக்கொண்டு போனார்கள். 1933-இல் டென்மார்க்கின் கோரே கிளின்ட் இதையே கொஞ்சம் மெருகேற்றி சஃபாரி நாற்காலி என்று வெளியிட்டார். போர்க்களத்திலிருந்து நாற்காலி நேராகக் கோபன்ஹேகன் வரவேற்பறைக்கு வந்து சேர்ந்தது. அங்கே அதைக் கழற்ற வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

அந்தஸ்து ஏறினால் மடங்குவது நின்றுபோகும் என்பதற்கு இன்னொரு சாட்சியும் உண்டு. 1877-இல் ஃபென்பி என்ற ஆங்கிலேயர் காப்புரிமை வாங்கிய மடக்கு நாற்காலி, இத்தாலிய ராணுவத்தோடு வட ஆப்பிரிக்கா சுற்றி, டிரிபோலினா என்ற பெயரில் ஜம்மென்று மடங்கிக்கொண்டிருந்தது. 1938-இல் புவெனஸ் அய்ரெஸில் மூன்று கட்டடக் கலைஞர்கள் அதே தொங்குதுணியை வளைத்த இரும்புக் கம்பியில் மாட்டினார்கள். பட்டாம்பூச்சி நாற்காலி பிறந்தது. நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகம் வரை போனது. மடிப்பு மட்டும் போயே போய்விட்டது.

கடற்கரை

கடற்கரைக்கு நாற்காலி கொண்டுபோனவர்களில் பேர்போனவர் இங்கிலாந்தையும் டென்மார்க்கையும் சேர்த்து ஆண்ட கன்யூட் ராஜா. ஹன்டிங்டன் ஊர் ஹென்றி என்ற பாதிரியார் நூறு வருஷம் கழித்து எழுதிய கதை. அலை ஏறுகிற நேரம் பார்த்து நாற்காலியைக் கரையில் போடச் சொன்னார் ராஜா. உட்கார்ந்துகொண்டு கடலைப் பார்த்து, என் நிலத்தில் ஏறாதே, என் துணியை நனைக்காதே என்று உத்தரவு போட்டார். கடல் முழங்கால்வரை வந்து மரியாதை செய்துவிட்டுப் போனது. பின்வாங்கி வந்தவர், ராஜாக்களின் அதிகாரமெல்லாம் வெறும் வெத்துவேட்டு என்று சபையாருக்குப் பிரசங்கம் பண்ணினார். உண்மையான அடக்கம்தான். ஈரமான நாற்காலியைச் சுமந்து திரும்பிய ஆளுக்கு அந்தப் பாடம் முன்கூட்டியே தெரிந்திருக்கும்.

முகாம், கடற்கரை, திருவிழா மூன்றுக்கும் ஒரே நாற்காலி வாங்க நினைப்பவர்கள் நெப்போலியனிடம் பாடம் கேட்க வேண்டும். பாரிஸில் டகோபர்ட் மன்னரின் சிம்மாசனம் என்று ஒன்று இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டு என்று சொல்லப்படும் வெண்கல மடக்கு நாற்காலி அது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சூஷே என்ற மடாதிபதி அதைப் பழுதுபார்க்கிறேன் என்று இறங்கினார். முதுகும் கையும் வைத்தார்கள். அன்றோடு நாற்காலி மடங்குவதை மறந்தது. 1804 ஆகஸ்ட் 16-ஆம் தேதி இங்கிலாந்தைப் பிடிப்பதற்காக பூலோன் கடற்கரையில் படை திரட்டி முகாம் போட்டிருந்த நெப்போலியன், வீரர்களுக்குப் பதக்கம் வழங்கும் விழா எடுத்தார். உட்கார இந்தப் பழைய வெண்கலத்தைப் பாரிஸிலிருந்து வரவழைத்தார். எதிரே கடல், கடலுக்கு அப்பால் இங்கிலாந்து, கீழே மடங்காத மடக்கு நாற்காலி. அந்தக் கடலை அவர் தாண்டவே இல்லை. அடுத்த வருஷம் படை ஆஸ்திரியாப் பக்கம் திரும்பிவிட்டது. நாற்காலி இன்று பாரிஸ் தேசிய நூலகத்தில் சுகமாக இருக்கிறது.

தூக்குகிற வேலையே வேண்டாம் என்று முடிவெடுத்தது ஜெர்மனி. 1882-இல் வாதநோயால் அவதிப்பட்ட எல்ஃப்ரீடே ஃபான் மால்ட்ஸான் என்ற அம்மையார், கடற்காற்று அடிக்காமல் கடலைப் பார்க்க ஒரு இருக்கை வேண்டும் என்று ரோஸ்டாக் நகரத்துக் கூடைமுடைபவர் வில்ஹெல்ம் பார்ட்டல்மனிடம் கேட்டார். பார்ட்டல்மன் ஒரு பெரிய கூடையை நிமிர்த்தி வைத்து அதற்குள் அம்மையாரை உட்காரவைத்தார். அடுத்த வருஷமே பார்ட்டல்மனின் மனைவி அந்தக் கூடைகளை வாடகைக்கு விட ஆரம்பித்தார். சாமர்த்தியசாலி, தூக்க முடியாத பொருளை வாங்குவதைவிட வாடகைக்கு எடுப்பதே மேல் என்று கண்டுபிடித்தவர். 2007-இல் ஹைலிகண்டாமில் கூடிய ஜி-8 மாநாட்டில் மெர்க்கெல், புஷ், புதின் எல்லாரையும் ஒரே ராட்சசக் கூடைக்குள் வரிசையாக உட்காரவைத்துப் படம் எடுத்தார்கள். உலகத்தை நகர்த்துகிறவர்கள் நகராத நாற்காலியில் சிரித்தார்கள்.

இங்கிலாந்துக்காரன் வேறு வழியில் போனான். 1886-இல் ஜான் தாமஸ் மூர் காப்புரிமை வாங்கிய மடக்கு நாற்காலி அங்கே பிரபலமானது. கட்டைச் சட்டம், ஒரே நீளத் துணி, பின்னால் பல்போல வெட்டிய பள்ளங்கள். எந்தப் பள்ளத்தில் கம்பை மாட்டுகிறீர்களோ அந்த அளவுக்குச் சாய்வு. எந்தப் பள்ளத்திலும் சரியாக மாட்டாவிட்டால் முழுச் சாய்வு. விரல் நசுங்காமல் இதை விரித்தவனுக்குக் கல்யாணம் பண்ணிவைக்கலாம். கப்பல் தளத்திலும் ஊர்க் கடற்கரையிலும் இதை வாடகைக்கு விட்டார்கள். அங்கேயும் அடுக்கி, சுமந்து, விரித்துத் தர ஓர் ஆள் இருந்தான்.

திருவிழா

வேடிக்கை பார்க்க நாற்காலி கொண்டுபோவதில் பாரசீகத்து செர்க்சஸுக்குத்தான் முதல் மரியாதை. கி.மு. 480-இல் சலமிஸ் கடற்போரைப் பார்ப்பதற்கென்றே எதிரிலிருந்த மலைச்சரிவில் ஆசனம் போட்டார். யாரும் மறைக்காத இடம், மேலே வானம், கீழே கடல். நிகழ்ச்சி மட்டும் எதிர்பார்த்தபடி நடக்கவில்லை. கண்ணெதிரே சொந்தக் கப்பல்கள் ஒவ்வொன்றாக முழுகின. ராஜா ஊருக்குப் புறப்பட்டார். வெள்ளிக்கால் வைத்த ஆசனம் ஒன்று ஏதென்ஸ் கோயில் கருவூலத்துக்கு வந்து சேர்ந்தது. அவர் உட்கார்ந்து பார்த்தது அதுதான் என்று கிரேக்கர்கள் சொல்லிக்கொண்டார்கள். நிகழ்ச்சி முடிவதற்குள் கிளம்புகிறவர்கள் நாற்காலியை விட்டுவிட்டுப் போவது அன்றே தொடங்கிவிட்டது.

நாற்காலியை ஆயுதமாகப் பயன்படுத்தியவர் ரோமின் நேயஸ் ஃபிளேவியஸ். அடிமையாயிருந்து விடுதலை பெற்றவரின் மகன், கி.மு. 304-இல் நகர அதிகாரியாகத் தேர்வானார். மேட்டுக்குடிகளுக்கு வயிற்றெரிச்சல். ஒருநாள் நோயில் படுத்திருந்த சக அதிகாரியைப் பார்க்கப் போனார். அறையில் உட்கார்ந்திருந்த பெரிய வீட்டுப் பிள்ளைகள் பேசிவைத்துக்கொண்டு ஒருவரும் எழுந்திருக்கவில்லை. ஃபிளேவியஸ் வாய் திறந்து எதுவும் சொல்லவில்லை. பதவிக்குரிய தந்த நாற்காலியைக் கொண்டுவரச் சொன்னார். விரித்துப் போட்டு, அவர்கள் கண்ணெதிரே உட்கார்ந்தார். அந்த நாற்காலிக்கு முதுகுச் சாய்வு கிடையாது. உட்கார்ந்தவருக்கு முதுகெலும்பு இருந்தது. மடக்கு நாற்காலியால் உலகத்துக்கு ஒரு நல்லது நடந்தது என்றால் அது இந்த ஒரு மத்தியானம்தான்.

வெர்சாய் அரண்மனையிலோ உட்காருவதே உத்தியோகம். ராணி முன்னிலையில் முதுகில்லாத ஒரு ஸ்டூலில் உட்கார வேண்டுமென்றால் சீமாட்டி டச்சஸ் பட்டம் பெற்றிருக்க வேண்டும். மற்றவர்கள் மணிக்கணக்கில் நிற்க வேண்டியதுதான். இன்றைய இசைத் திருவிழாக்காரர்கள் எவ்வளவோ தேவலை. நாற்காலி தாழ்வாக இருக்கட்டும், பின்னால் இருப்பவருக்கு மறைக்காதே என்று மட்டும்தான் கேட்கிறார்கள்.

ஆள் வராத காலம்

இரண்டாம் உலகப்போர் முடிந்தது. விமானம் கட்டக் குவித்த அலுமினியம் அமெரிக்காவில் கேட்பாரற்றுப் போனது. 1947-இல் புரூக்ளினைச் சேர்ந்த ஃபிரெட்ரிக் அர்னால்ட் அலுமினியக் குழாயை வளைத்து, நாடா பின்னி, மடக்கு நாற்காலி செய்தார். பத்து வருஷத்தில் அவர் கம்பெனி நாளொன்றுக்கு 14,000 நாற்காலிகள் செய்துகொண்டிருந்தது. ராஜா, பிரபு, தளபதி என்ற பட்டம் எதுவுமில்லாத கோடிக்கணக்கான பேர் முதல்முறையாக மடக்கு நாற்காலிக்குச் சொந்தக்காரர் ஆனார்கள். அதே நாள், அதே நிமிஷம், சுமைகூலியும் ஆனார்கள்.

இந்த அநியாயத்துக்குப் பழிவாங்கியவர் லாரி வால்டர்ஸ் ஒருவர்தான். லாரி ஓட்டுகிற இந்த மனுஷன் 1982 ஜூலை 2-ஆம் தேதி, லாஸ் ஏஞ்சலஸ் பக்கம், ஒரு தோட்டத்து நாற்காலியில் 40-க்கும் மேற்பட்ட வானிலை பலூன்களைக் கட்டி, பீரும் சாண்ட்விச்சும் சிறுரவைத் துப்பாக்கியும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். கயிற்றை விட்டதும் நாற்காலி ஏறத்தாழ 16,000 அடிக்குக் கிளம்பிப் போய்விட்டது. விமானிகள் ஆகாயத்தில் நாற்காலியைப் பார்த்ததாகத் தகவல் சொன்னார்கள். பலூன்களைச் சுட்டுச் சுட்டு இறங்கி, மின்கம்பியில் சிக்கி, ஒரு பேட்டைக்கே கரண்டை நிறுத்தி, அபராதமும் கட்டினார். மூவாயிரத்துச் சொச்ச வருஷ வழக்கத்தை அவர் ஒருவர்தான் புரட்டிப் போட்டார்: அன்று நாற்காலி ஆளைத் தூக்கியது.

அந்த வசதி இல்லாத மற்றவர்களுக்காக 2012-இல் கொரியாவின் ஹெலினாக்ஸ் ஒரு நாற்காலி கொண்டுவந்தது. தாய்க் கம்பெனி கூடாரக் கழிகள் செய்வதில் பேர்போனது. அதே அலுமினியக் கழிகள், உள்ளே இழுவைக் கயிறு. உதறினால் தானாகவே ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளும். எடை ஒரு கிலோவுக்குள், தாங்குவது 145 கிலோ. உலகமெங்கும் நகல் வந்துவிட்டது. ரூர்க்கி நாற்காலியின் பேத்தி என்று சொன்னால் தப்பில்லை. நாலு கால், ஒரு துணி, ஒரு பை.

இனி நீங்கள் வாங்குவதைப் பார்ப்போம். மலையேறிப் போய் முகாம் போடுகிறவருக்கு இந்த ஒரு கிலோ ரகம்தான். கார் பக்கத்திலேயே நிற்கும் என்றால் மூன்று நாலு கிலோ இரும்புக் குழாய் நாற்காலி தாராளம். விலையும் குறைவு, உட்கார்ந்தால் நிம்மதியும் கூட. வீட்டில் முழங்கால் வலிக்காரர் இருந்தால் இருக்கை சாப்பாட்டு மேஜை நாற்காலி உயரத்துக்கு, அதாவது 45 சென்டிமீட்டரை ஒட்டி இருக்கட்டும். தாழ்வான நாற்காலியில் அவரை உட்காரவைத்தால் எழுப்ப சூ சூ வர வேண்டும். தீ மூட்டுகிற உத்தேசம் உண்டென்றால் நைலானைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். ஒரு பொறி போதும், ஓட்டை விழ.

மணலுக்கு ஊசிக்கால் ஆகாது. பாரமெல்லாம் நாலு புள்ளியில் இறங்கினால் நாற்காலி பாதாளம் பார்க்கும். கால்கள் தரையில் நீளக் குழாயாகப் படிந்ததோ, அகலப் பாதம் மாட்டியதோ வாங்குங்கள். உப்புக் காற்றுக்கு அலுமினியம் தாங்கும். இரும்புக்கு ரிவெட் போட்ட இடத்தில்தான் முதல் துரு. திரும்பி வந்ததும் நல்ல தண்ணீரில் அலசினால் ஆயுள் கூடும். அலை வந்தால் எழுந்துவிடுங்கள். கன்யூட் சோதித்துப் பார்த்துவிட்டார். கச்சேரிக்கும் திருவிழாவுக்கும் தாழ்ந்த இருக்கை, தோளில் மாட்டுகிற பை, கூட்டத்தில் அடுத்தவர் கண்ணில் குத்தாத நீளம்.

எதை எடுத்தாலும் துணி சட்டத்தைச் சந்திக்கிற மூலையில் தையலைப் புரட்டிப் பாருங்கள். பாரம் அங்கேதான் தொங்குகிறது. பூட்டும் பிடி விரலைக் கடிக்கிறதா என்று பாருங்கள். பையை உதறி எடுத்ததை அதே பைக்குள் திரும்ப நுழைக்க முடிகிறதா என்று அவசியம் பாருங்கள். தொழிற்சாலையில் மடித்தவனுக்குத் தெரிந்த வித்தை நமக்கு வருவதில்லை.

கடைக்காரர் உட்கார்ந்து பாருங்க சார் என்பார். எல்லா நாற்காலியும் கடையில் பத்து நிமிஷம் சொகுசாகத்தான் இருக்கும். மடக்குங்கள். பையில் போட்டுத் தோளில் மாட்டுங்கள். மறு கையில் தண்ணீர்க் கேனைப் பிடித்துக்கொண்டு கடையை விட்டு இறங்கித் தெருமுனை வரை நடந்து பாருங்கள். தோள்பட்டை சரி என்று சொன்னால் அதுதான் உங்கள் நாற்காலி. பணம் கட்டாமல் இறங்கிப் போகிறீர்களே என்று கடைக்காரர் பின்னாலேயே ஓடி வருவார். வரட்டும், திரும்பி வரும்போது அதை அவர் தலையில் கட்டிவிடலாம்.